எங்க அம்மா கருப்புதான்!

போன மாதம் எங்க அம்மாவுக்கு முதல் வருட திதி. ஹாலில் மாட்டப் பெரிதாக ஒரு போட்டோ வேண்டியிருந்தது. அம்மா தனியாக நிற்கும் கலர் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1993-ல் என் தங்கை வளைகாப்பில், சிவப்புத் திரைக்கு முன்னால் எடுத்தது. 'என் மூஞ்சி போட்டோவுக்கு ஆகாதுடி' என்று சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் கேமராவைக் கண்டால் அடுக்களைக்குள் போய்விடுவார். வளைகாப்புப் படத்திலும் முகம் பச்சை பூத்த மாதிரிதான் இருக்கும்.

ஆனால் நெகட்டிவ்களை எல்லாம் பத்திரமாக பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தவரும் அவரேதான்! அதை எடுத்துக்கொண்டு போய் லேபில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வாங்கிப் பார்த்தால் அது எங்க அம்மாவே இல்லை. சந்தன நிறத்தில் யாரோ ஒரு அம்மாள் நிற்கிறார்.

"கொஞ்சம் கலர் ஏத்திப் போட்டிருக்கேன்மா, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க" என்றான் கவுண்டர் பையன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே மெஷினில் இருந்த பெரியவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். முப்பது வருஷமாக பிரிண்ட் போடுகிறவராம். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இவ்வளவு நாள் நாம் எவ்வளவு விவரம் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்று புரிந்தது.

ஃபிலிமைக் கழுவுவதில் அவ்வளவாக வித்தியாசம் வராதாம். கலர் நெகட்டிவ் எந்தக் கம்பெனியுடையது என்றாலும் வழக்கமாக 38 டிகிரி சூட்டில் டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி. பிறகு ப்ளீச், ஃபிக்ஸர், தண்ணீர், காய வைப்பது. ஒரு டிகிரி ஏறி இறங்கினாலும் நிறம் கெட்டுவிடும் என்பதால் எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும். வருகிற நெகட்டிவில் ஆரஞ்சு சாயல் அடித்து, வெள்ளை வேட்டி கருப்பாகவும் கருப்புக் கூந்தல் வெளுப்பாகவும் தலைகீழாக இருக்கும்.

நம்ம முகத்தின் நிறம் முடிவாவது பிரிண்ட் போடும்போதுதான். பழைய மெஷினில் நெகட்டிவ் வழியாக வெளிச்சம் பாய்ந்து பேப்பரில் விழும். படம் முழுக்க உள்ள வெளிச்சத்தையும் நிறத்தையும் மெஷின் சேர்த்துப் பார்த்து, சராசரியில் கொண்டுவந்து நிறுத்தும். இருட்டான பின்னணி என்றால் முகத்தை வெளுக்க விடும். வெள்ளைச் சுவர் என்றால் முகத்தைக் கறுக்க வைக்கும். சிவப்புத் திரை நிறைய இருந்தால் 'சிவப்பு அதிகம்' என்று நினைத்து அதைக் குறைக்கும், முகத்தில் பச்சையும் நீலமும் ஏறிவிடும். பக்கத்தில் இருக்கிற ஆள் பார்த்து சயான், மெஜந்தா, மஞ்சள் என்று பட்டனைத் தட்டித் திருத்த வேண்டும். கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு எத்தனையோ ரோல் வரும்போது யார் பார்ப்பார்கள்? ஆக, ஆகாமல் போனது அம்மாவின் மூஞ்சி இல்லை. அன்றைக்கு யாரோ ஒருவர் பட்டனைத் தட்டவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமலேயே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொடாக் கம்பெனி, நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க லேப்களுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பி வைக்குமாம். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷர்லி கார்டு' என்றே பெயர். அந்த ஷர்லிகள் வெள்ளைக்காரப் பெண்கள்தான். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு வந்தது 1990-களில்தான். அதற்கு முன்பே பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சண்டை போட்டவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்! படித்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

இப்போது மெஷின் மாறிவிட்டது. நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் சரி பார்க்க வசதி வந்துவிட்டது. அந்த வசதியை வைத்து என்ன செய்கிறோம்? எல்லாரையும் வெளுக்கிறோம். சம்பந்தம் பேச அனுப்பும் போட்டோவைப் பாருங்கள். நாமே லேபில் நின்று, "தம்பி, பொண்ணை கொஞ்சம் கலரா போட்டுடுப்பா" என்கிறோம். பிறகு வருகிறவர்கள் "போட்டோவுல கலரா இருந்தாளே" என்று இழுக்கும்போது, காபித் தட்டோடு நிற்கிற அந்தப் பெண் என்ன பாடுபடும்? அது வந்தவர்கள் செய்த அவமானம் மட்டுமா? பெற்றவர்கள் நாமும் சேர்ந்து செய்ததுதான் என்பேன். கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கேட்பதைத்தானே கொடுப்பார்கள்.

மறுநாள் தங்கையையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் அப்படியே அம்மா நிறம். திரைக்குப் பக்கத்தில் அவள் கையை நீட்டி வைக்கச் சொல்லி, "இந்தக் கலர் வரட்டும் ஐயா" என்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, கால் மணி நேரத்தில் அம்மாவைக் கொண்டுவந்துவிட்டார். மூக்குத்தி வெளிச்சம்கூட அப்படியே!

திதிக்கு வந்த சித்தி படத்தின் முன்னால் நின்றபடியே, "அக்கா இவ்வளவு லட்சணமாவா இருந்தா!" என்றார். டின்னில் இன்னும் நிறைய நெகட்டிவ் இருக்கிறது. கும்பலுக்குள் எங்கேயாவது அம்மா ஒளிந்து நிற்பார். அடுத்த வாரம் தங்கையோடு மறுபடியும் லேபுக்குப் போகிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி