ஒரே வருடத்தில் மறுபடியும் பேரிங் போனது ஏன்?

“எங்களிடம் டூ வீல் டிரைவ் டிராக்டர் இருக்கிறது. குறுவைக்குச் சேறடித்து முடித்ததிலிருந்து இடது முன்சக்கரம் ஆடுகிறது. ரோட்டில் போனால் கரகரவென்று சத்தம் வருகிறது. போன வருடம்தான் அந்தப் பக்கம் பேரிங் மாற்றினோம். இப்போது பட்டறையில் ஹப்பையே மாற்றச் சொல்கிறார்கள். சம்பா வேலை நெருங்குகிறது. பேரிங் மட்டும் மாற்றினால் போதாதா?”

- வாசகர், மன்னார்குடி.

ஹப்பை மாற்ற வேண்டுமா என்பதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், ஒரே வருடத்தில் பேரிங் போயிருந்தால் குறை பெரும்பாலும் பேரிங்கில் இருக்காது. சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும் வழி அடைபடாமல் இருக்கும். அல்லது நட்டை முறுக்கிய விதம் சரியாக இருக்காது. அதைக் கவனிக்காமல் புதுப் பேரிங் போட்டால், அடுத்த வருடமும் இதே செலவு வரும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

டிராக்டரைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். அந்தப் பக்கத்து முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். இன்னொருவர் உள்பக்கம் பார்க்கட்டும். ஸ்டப் ஆக்சில் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து ஆடினால், அது நிற்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால், டை ராடு முனைகளையும் ஸ்டீயரிங்கையும் பார்க்க வேண்டும்.

பிறகு, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, மறு கையை ஸ்டப் ஆக்சிலில் வைக்கவும். பேரிங் போயிருந்தால் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு கையில் தெரியும்.

ஹப் எப்போது மாற்ற வேண்டும்?

மூடி, ஸ்பிலிட் பின், நட்டு, வாஷர் என்று கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைக்கவும். உள்ளே உள்ள கிரீஸைத் துடைப்பதற்கு முன் நன்றாகப் பார்க்கவும். கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கருகி, உருளைகள் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், கிரீஸ் இல்லாமலோ நட்டை அதிகம் முறுக்கியதாலோ சூடேறியிருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, மூன்று இடங்களைப் பார்க்கவும்.

ஒன்று, ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் கப். இது விரலால் தள்ளினாலே சுற்றினால், ஹப்பின் துளை பெருத்துவிட்டது. இரண்டு, ஹப்பில் விரிசல். இவற்றில் எது இருந்தாலும் பட்டறையில் சொன்னது சரி. ஹப்பை மாற்றத்தான் வேண்டும். பெருத்த துளையில் பஞ்ச் அடித்துக் கப்பை நிறுத்தும் வழக்கம் உண்டு. அது நீண்ட நாள் நிற்காது. மூன்று, ஸ்டப் ஆக்சில். பேரிங் உட்காரும் இடத்திலும் சீல் உரசும் இடத்திலும் நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டக் கூடாது. சீல் உரசும் இடம் பள்ளமாக இருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் தண்ணீர் உள்ளே போகும்.

இந்த மூன்றும் நன்றாக இருந்தால் பேரிங்கும் சீலும் மட்டும் போதும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முன் ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங்குகள் இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிட்டு உருளைப் பகுதியை மட்டும் புதிதாகப் போடக் கூடாது. பழைய கப்பில் விழுந்த தழும்பு புது உருளைகளையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆயில் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பழையதையும் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லவும். பில் கேட்டு வாங்கவும்.

பழைய கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் மாற்றி மாற்றித் தட்டி எடுக்கவும். புதுக் கப்பை ஒரே பக்கம் அடிக்காமல் சுற்றிலும் தட்டி இறக்கவும். அடிவரை உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் வழியும்வரை ஏற்றவும். மேலே பூசினால் மட்டும் போதாது. பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, அப்படியே புதியதையும் போடவும்.

நட்டில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, லேசாகப் பிடிக்கும்வரை நட்டை முறுக்கவும். பிறகு, ஸ்பிலிட் பின் நுழையும் அடுத்த வெட்டுவரை தளர்த்தவும். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஆனால், கையில் ஆட்டம் தெரியக் கூடாது. டிராக்டர் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். ஸ்பிலிட் பின்னைப் புதிதாகப் போடவும். பழைய கம்பியை வளைத்து மாட்டினால் ஓட்டத்தில் அறுந்து, நட்டு கழன்று, சக்கரமே வெளியே வரலாம்.

மறுபடியும் வராமல் இருக்க...

ரோட்டில் ஓடிச் சூடான ஹப் உடனே சேற்றில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால், வயலுக்குப் போனதும் சிறிது நேரம் ஆறவிட்டு இறக்கவும். கழுவும்போது பிரஷர் பம்பின் பீச்சை சீலுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு சேற்றுழவுப் பருவம் முடிந்ததும் ஹப்பைத் திறந்து, கிரீஸ் வெளுத்திருந்தால் மாற்றவும். டிரெய்லர் சக்கரங்களுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

புதுப் பேரிங் போட்ட பிறகு சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பக்கத்து ஹப்பையும் தொட்டுப் பார்க்கவும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் நட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் வேலை முடிந்ததும் ஆட்டத்தை ஒருமுறை சோதிக்கவும்.

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரின் முன் ஆக்சில் அமைப்பு வேறு. உள்ளே பல்சக்கரங்களும் ஆயிலும் இருப்பதால், அதை வீட்டில் பிரிக்காமல் பட்டறைக்குக் கொண்டு செல்வதே நல்லது.

மன்னார்குடி வாசகர் சம்பா உழவு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆடும் சக்கரத்தோடு டிரெய்லரில் பாரம் ஏற்றியோ, ஆட்களை ஏற்றியோ ரோட்டில் போகவும் வேண்டாம்.