புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து

கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி, அதன்பின் மூன்று நான்கு எழுத்துகள். எக்ஸ்டென்ஷன் எனப்படும் இந்தப் பின்னொட்டை இலக்கணத்து விகுதிபோல் எண்ணிவிடுகிறோம். விகுதி திணையையும் பாலையும் காட்டுவதுபோல இது கோப்பின் வடிவத்தைக் காட்டிவிடும் என்று. உண்மையில் அது டப்பாவின்மேல் ஒட்டிய சீட்டு. எந்த மென்பொருளால் திறப்பது என்பதற்கான குறிப்பு, அவ்வளவே. ‘டாக்’ என்பதை அழித்து ‘பிடிஎஃப்’ என்று எழுதினால் உள்ளே ஓர் எழுத்தும் மாறாது.

தமிழுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘டிஎக்ஸ்டி’ என்று முடியும் கோப்பு எங்கும் திறக்கும் என்பார்கள். திறக்கும்தான். உள்ளே இருப்பது திஸ்கியா, டாபா, பாமினியா, யூனிகோடா என்று பின்னொட்டு சொல்லாது. பாமினியில் ‘அ’ குடியிருப்பது ஆங்கிலச் சிறிய ‘எம்’மின் இடத்தில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றுவாள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது; 2010இல் யூனிகோடுக்கு வந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் சேர்த்த நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் தந்தது. அந்த உழைப்பைச் சிற்றிதழ்களில் எத்தனை செய்தன?

திண்டுக்கல் பேகம்பூரில் உள்ள கவிஞர் நண்பர் தம் தொகுப்பு குறுந்தகட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன்: ‘பி65’. பேஜ்மேக்கர் 6.5இல் பக்கம் கட்டிய கோப்பு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்ததே 2001இல். அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறந்தது. பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. திறந்தாலும், பக்கம் கட்டியவர் பயன்படுத்திய எழுத்துரு வேண்டும். அதன் பெயர் நண்பருக்குத் தெரியவில்லை. கவிஞர்கள் அதையெல்லாம் கேட்டுவைத்துக்கொள்வதில்லை!

பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழ். யூனிகோடில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் அதை உளறலாகவே வாசிக்கும். மறு அச்சுக்கு உதவும், ஆய்வாளருக்கு உதவாது.

பழைய கணினியை இன்னும் ஓரமாக வைத்திருக்கும் அச்சகங்கள் சில உண்டு. இதழ் நடத்தியவர்கள் குறுந்தகட்டுடன் அங்கே போகவேண்டும். பேஜ்மேக்கரில் திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் ‘டிடிஎஃப்’ கோப்பையும் கையோடு பிரதியெடுத்து, பாடத்தை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிச் சேமிக்கவேண்டும். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள்.