கழிவுநீர்க் குழாயும் நமது கடமையும்

‘சுத்தம் சோறு போடும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. அதைச் சுவரில் எழுதி வைக்காத பள்ளி இல்லை எனலாம். ஆனால் நமக்காகச் சுத்தம் செய்பவருக்கு அன்று சோறு இறங்குமா என்று நாம் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் எங்கள் வகுப்பை அடுத்த கழிவறையில் அடைப்பு ஏற்பட்டது. தண்ணீர் வராந்தா வரை வழிந்தது. எங்கள் தாத்தா வயதிருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். முதலில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். பிறகு வளைந்த கம்பியை விட்டார். கடைசியில் கையையே விட்டு எடுத்தார். வெளியே வந்தவை என்ன? நாங்கள் வெட்கப்பட்டு, யாரும் பாராமல் எறிந்த துணியும் பஞ்சும், ஷாம்பூப் பொட்டலங்களும், முடிக் கற்றைகளும்தான். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “அவருக்குச் சோப்பும் வெந்நீரும் கொண்டு போய்க் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னார். கொண்டு சென்றோம். அவரோ, “அங்கேயே கீழே வச்சிடுங்க பாப்பா, கிட்ட வராதீங்க” என்று இரண்டடி பின்வாங்கி நின்றார். அழுக்கு எங்களுடையது, ஒதுங்கி நின்றவரோ அவர்! அன்றைய வெட்கம் இன்றும் எங்களை விட்டு நீங்கவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

தையல் கற்கிறோம், சமையல் கற்கிறோம். வீட்டின் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொட்டியின் கீழே குழாய் ஏன் வளைந்து செல்கிறது? அந்த வளைவில் எப்போதும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரே சாக்கடையின் நாற்றத்தையும் பூச்சிகளையும் வீட்டிற்குள் வர விடாமல் தடுக்கும் கதவு. 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர் இத்தகைய வளைவுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறையில் நாற்றம் அடிக்கிறதே, ஏன்? வளைவிலுள்ள தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீரும் குறைக்கு நாம் ஊதுபத்தி கொளுத்துகிறோம்!

தண்ணீர் இறங்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது பதறாமல் யோசிப்பது. ஓரிடத்தில் மட்டும் தேங்கினால் அடைப்பு பக்கத்திலேயே இருக்கிறது. சமையலறை, குளியலறை, கழிவறை எல்லாவற்றிலும் ஒன்றாகத் தேங்கினால் அடைப்பு வெளியே பெரிய குழாயில் இருக்கிறது; அது நம்மால் ஆகாது. பக்கத்து அடைப்பு என்றால் மேலுள்ள சல்லடையை எடுத்துக் கழுவ வேண்டும். அதற்கும் இறங்காவிட்டால், மரப்பிடி பொருத்திய ரப்பர் கிண்ணத்தை ஓட்டையின் மேல் வைத்து, அது மூழ்குமளவு தண்ணீர் விட்டு, பதினைந்து இருபது முறை அழுத்தி இழுக்க வேண்டும். தொட்டியின் பக்கவாட்டில் வேறு ஓட்டை இருந்தால் அதை ஈரத்துணியால் அடைத்துக்கொள்வது அவசியம். இல்லையேல் காற்று அவ்வழியே தப்பிவிடும். அப்போதும் பயனில்லை என்றால், அடியில் வாளியை வைத்து, வளைவுப் பகுதியின் மறையைக் கழற்றிக் கழுவி, வாஷரை மறவாமல் திரும்பப் பொருத்தலாம்.

சிலர் உடனே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இது பெருந்தவறு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் வெளிவரும். வேதியியல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தால் போதுமா?

அடைப்பை எடுப்பதைவிட அடைக்காமல் இருப்பது எளிது. எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவலாம். சோற்றுப் பருக்கையையும் காபித் தூளையும் செடிக்குப் போடலாம். வாரிய முடியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் இடலாம். மாதந்தோறும் நமக்கு வேண்டியிருக்கும் துணியையும் பஞ்சையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மூடியுள்ள கூடையில் போடலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறர் கையால் அதை எடுக்க வைப்பதுதான் வெட்கம்.

இது தூய்மையைப் பற்றிய செய்தி மட்டுமன்று; உயிரைப் பற்றியது. செப்டிக் டாங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தேங்குகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். இறங்கியவர் மயங்குவார், காப்பாற்ற இறங்கியவரும் மடிவார். பாதுகாப்பின்றி மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்கிறது. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, போன உயிர் திரும்புமா? செப்டிக் டாங்கு நிறைந்தால் உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும் என்று வீட்டில் நாம் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

“நீங்களே எல்லாம் செய்துவிட்டால் குழாய்க்காரர் பிழைப்பு என்னாவது?” என்று சிலர் கேட்கலாம். குழாய் பதிப்பதும், கசிவு கண்டுபிடிப்பதும், பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். அது அறிவுள்ள தொழில். நம் குப்பையைக் கையால் அள்ளுவது அவர் தொழிலன்று. “பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்போரும் உண்டு. அடைத்த தொட்டியில் கையை விட்டு அள்ளுவது வீட்டில் எப்போதும் அம்மாதானே? அள்ளத் தெரிந்தவள் அறிந்துகொள்ளவும் கூடாதா?

அன்புத் தோழியரே! நாங்கள் எங்கள் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கழிவறையில் மூடியுள்ள கூடை ஒன்றும், பழைய செய்தித்தாள்களும் வைத்திருக்கிறோம். வாரம் இருவர் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இது பெரிய தொண்டு ஒன்றுமில்லை. அடுத்த முறை அந்தப் பெரியவர் நம் பள்ளிக்கு வந்தால், குழாயைப் பழுது பார்க்க மட்டும் வரட்டும். அவர் பின்வாங்கி நிற்காமல் நம் கையிலிருந்தே சோப்பை வாங்கிக்கொள்ளட்டும். அந்த நாள் வருவது நம் கையில்தான் இருக்கிறது.