காயலான் கடைக்குப் போகும் கருவிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டைப் பக்கம் போகிற பெங்களூர்த் தமிழர்களுக்கு சண்டே பஜார் புதிதல்ல. பழைய சைக்கிள் செயின், ஓடாத மின்விசிறி, கைக்கடிகாரம் எல்லாம் தரையில் சாக்கு விரித்துப் பரப்பிக் கிடக்கும். அவற்றின் நடுவே சில சமயம் ஒரு கறுப்புப் பெட்டியும் கிடக்கும். முகப்பில் ஒரு முள், அதன் கீழே இரண்டு பெரிய திருகுகள். அதுதான் ஆவோ மீட்டர். ஒரு காலத்தில் தொழிற்சாலையிலும் டெலிபோன் ஆபீஸிலும் ரேடியோ ரிப்பேர் கடையிலும் பெரிய மதிப்போடு இருந்த கருவி. இன்று அதை விற்கிறவருக்கே அது இன்னதென்று தெரியாது. "ஏதோ கரண்ட் மிஷின் சார், எடுத்துக்கோங்க" என்பார்.

நான் என்ஜினீயர் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆனாலும் ஆறு ஆண்டுகளாக இம்மாதிரிப் பழைய மின் சோதனைக் கருவிகளைச் சேர்த்து வருகிறேன். "இந்தப் பொழுதுபோக்குக்கு எதிர்காலம் உண்டா?" என்று நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. நிச்சயம் உண்டு. ஆனால் எத்தனை பெட்டிகள் மிஞ்சும் என்பதை விட, அவற்றைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், அவர்கள் அலமாரியில் இருக்கும் புத்தகங்களும் மிஞ்சுமா என்பதுதான் முக்கியம். இவை இரண்டும் வேகமாக மறைந்து வருகின்றன.

மூன்று எழுத்து, மூன்று வேலை

பிரிட்டிஷ் தபால் இலாகாவில் என்ஜினீயராக இருந்தவர் டொனால்ட் மெக்காடி. தந்தி, டெலிபோன் கம்பிகளைச் சோதிக்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப் போனவர். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்க வழி செய்தார். அந்த மூன்று அலகுகளின் முதல் எழுத்துக்களே ஆவோ. முதல் மீட்டர் 1923-ல் வந்தது. எட்டாவது மாடல் 1951-ல் வெளிவந்து, சிற்சில திருத்தங்களுடன் 2008 வரை உற்பத்தியாயிற்று. ஒரே மாடல் ஐம்பத்தேழு ஆண்டுகள் விலை போயிற்று என்றால் அதன் தரத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் ஊருக்கும் இந்தக் கருவிகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1948-ல் ஐ.டி.ஐ.யும் 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இங்கே தொடங்கப்பட்டன. இம்மாதிரித் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர்கள் எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். மின் அலையைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை தினமும் கையாண்டவர்கள். அந்த அனுபவம் இன்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

பழையது பிழைக்கும், புதியது சாகும்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டு பழைய கருவியை உயிர்ப்பிப்பது, முப்பது ஆண்டு பழைய கருவியை உயிர்ப்பிப்பதை விட அநேகமாகச் சுலபம். வால்வு, டிரான்சிஸ்டர் காலத்துக் கருவியில் பெரும்பாலும் கெட்டுப் போவது கண்டென்சர்தான். எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்கு அதை வாங்கி மாற்றிவிடலாம். ஆவோ மீட்டருக்கு வேண்டிய 15 வோல்ட் பாட்டரி இப்போது சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. அதனால் என்ன? 3 வோல்ட் பட்டன் செல்கள் ஐந்தை அடுக்கி வைத்தால் முள் நகர்ந்துவிடுகிறது.

1980-க்குப் பிறகு வந்த கருவிகளின் கதை வேறு. அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்து கொண்ட சிப் போய்விட்டால் மாற்றுக் கிடையாது. கருவியை நடத்தும் கட்டளைகள் ஒரு நினைவுச் சிப்பில் பதிந்திருக்கும். காலப்போக்கில் அந்தப் பதிவும் அழியக் கூடியது. பார்வைக்குக் கருவி புத்தம் புதிதாக இருக்கும். புத்தி மட்டும் பேதலித்திருக்கும். சேகரிப்பவர்கள் இப்போதே அந்தப் பதிவுகளை நகல் எடுத்து வைக்காவிட்டால், பிற்காலத்தில் அவை வெறும் பெட்டிகளாகவே நிற்கும்.

இன்னொரு ஆபத்து மற்றப் பொழுதுபோக்குக்காரர்களிடமிருந்து வருகிறது. பழைய அதிர்வெண் மீட்டர்களில் ஆரஞ்சு வெளிச்சத்தில் எண்கள் ஒளிரும் நிக்ஸி குழாய்கள் இருக்கும். அவற்றைப் பிடுங்கி அலங்காரக் கடிகாரம் செய்கிறார்கள். ஆஸிலாஸ்கோப்பின் வால்வுகளைக் கழற்றிப் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிறார்கள். ஒரு நல்ல கருவியைக் கொன்று ஒரு பொம்மை செய்வது நியாயமா என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஒரு பெரியவரின் பாடம்

எனக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டே பஜாரில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய ஆஸிலேட்டரை அவரிடம் கொண்டு போய், "போட்டுப் பார்க்கலாமா ஐயா?" என்றேன். பதறிப் போய் என் கையைத் தட்டி விட்டார். "வருஷக் கணக்கா தூங்கினதை அடிச்சு எழுப்பக் கூடாது தம்பி. கரண்ட்டை மெதுவா கொடுக்கணும்" என்றார். டிம்மர்ஸ்டாட்டில் இணைத்து, அரை நாள் சிறிது சிறிதாக வோல்ட்டை ஏற்றினார். நான் நேராகச் சுவிட்சைப் போட்டிருந்தால் உள்ளே கண்டென்சர் வெடித்திருக்கும்.

அவரிடம் ஒரு பழைய டெக்ட்ரானிக்ஸ் ஆஸிலாஸ்கோப் இருந்தது. அதன் உள்ளே பீங்கான் பட்டைகளில்தான் உறுப்புகளைப் பற்ற வைத்திருப்பார்கள். அவற்றுக்கு வெள்ளி கலந்த ஈயம்தான் வைக்க வேண்டும்; சாதாரண ஈயத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் பட்டையின் பூச்சுப் பெயர்ந்துவிடும். அதற்காகவே கம்பெனிக்காரர்கள் ஒரு சிறு சுருள் ஈயத்தைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். வாங்குகிறவன் தானே பழுது பார்ப்பான் என்ற நம்பிக்கை அது. கூட வந்த புத்தகத்தில் சர்க்யூட் படம் முழுவதும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தன. அதன் ஓரங்களில் பெரியவர் தம் கையால் தமிழில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்.

அவர் காலமானபோது நான் வெளியூரில் இருந்தேன். வீட்டைக் காலி செய்தவர்கள் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு அது அடைசல். நான் கடையைத் தேடிப் போனபோது ஆஸிலாஸ்கோப்பின் வெறும் கூடுதான் கிடந்தது. டிரான்ஸ்பார்மரைத் தாமிரத்துக்காக உடைத்திருந்தார்கள். புத்தகம் பழைய பேப்பரோடு போய்விட்டது. கருவி போனது கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வேறொன்று கிடைக்கும். அந்த ஓரக் குறிப்புகள் இனி எங்கே கிடைக்கும்?

சட்டமும் ரிஜிஸ்டரும்

2022-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இது நல்ல சட்டம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆஸிலாஸ்கோப்பின் படக் குழாய்க் கண்ணாடியிலேயே ஈயம் இருக்கிறது. அதைச் சந்துகளில் சிறுவர்கள் சம்மட்டியால் உடைப்பதை யார் ஆதரிப்பார்கள்?

ஆனால் குமாஸ்தாவாகிய எனக்குக் காகிதங்களின் போக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் ‘கண்டம்’ என்று எழுதி முடித்த பிறகு ஒரு பொருளைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆகவே யோசனை அதற்கு முன்பே வர வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஓடுகிற நிலையில் உள்ள ஒரே ஒரு கருவியை, அதன் புத்தகத்தோடு, கழிவு என்று முத்திரை குத்துவதற்கு முன் ஒரு பாலிடெக்னிக்குக்கோ மியூசியத்துக்கோ கொடுக்கலாமே? நீராவி என்ஜின்களுக்காக ரயில்வே 1977-ல் டில்லியிலும் 1979-ல் மைசூரிலும் மியூசியம் திறந்தது. என்ஜினை நிறுத்தப் பெரிய மைதானம் வேண்டும். மீட்டரை வைக்க ஓர் அலமாரி போதும்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மீட்டர் கிடைக்கும்போது இந்தக் கிழட்டுப் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். வேலைக்கு டிஜிட்டல் மீட்டரே சிறந்தது. நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் படிக்கிற பிள்ளைக்குப் பழையதில்தான் பாடம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் எந்த உறுப்பு எங்கே, மின்சாரம் எந்த வழியே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வால்வுக் கருவிகளில் உயிரை வாங்கும் மின் அழுத்தம் உண்டு என்பதால் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் சிறுவர்கள் தொடக் கூடாது. பெரியவர்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் மாதம் ஒரு மாலை இதற்கு ஒதுக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டு வரட்டும்; பாலிடெக்னிக் மாணவர்கள் ஸ்க்ரூ டிரைவரோடு வரட்டும். புத்தகங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க ஒரு பைசா செலவில்லை. பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி, அது யாருக்குச் சேர வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். வீட்டைக் காலி செய்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று: ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் அப்பாவின் சிநேகிதர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எடைக்குப் போட்டால் கிடைக்கும் சில நூறு ரூபாய் எங்கும் ஓடிவிடாது.