சுற்றுலாப் பாதையில் தோட்டமும் வேண்டும்

நெகிரி செம்பிலானுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் பள்ளிகளின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே அமைகிறது. முதலில் லுக்குட் கோட்டை. ஈய வணிகத்தைக் காப்பதற்காக ராஜா ஜுமாட் 1847இல் எழுப்பிய இக்கோட்டையில் இன்று அகழியின் தடமும் கிணறுகளும் சிதைந்த சுவர்களும் எஞ்சியுள்ளன. அடுத்து, தஞ்சோங் துவானில் 1863இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். (அந்த முனை போர்ட்டிக்சனை ஒட்டியிருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்கே உரியது என்பது பலர் அறியாத செய்தி.) பிறகு, ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனை. ஆணி அடிக்காமல் 99 தூண்களின்மேல் கட்டப்பட்ட அந்த மரமாளிகையைக் கண்டு வியக்காத மாணவர் இல்லை. மாலையில் போர்ட்டிக்சன் கடற்கரையில் இதமான காற்று வாங்குவதோடு பயணம் நிறைவடைகிறது.

இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால், வழியில் லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங் என்னும் தோட்டப் பெயர்ப்பலகைகளும் வருகின்றன. அங்கே பேருந்து நிற்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்கால வரலாற்றைக் காட்டப் புறப்பட்ட பயணம், அவ்வரலாற்றுக்கு உழைத்தவர்களின் இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் செல்வது சரியன்று.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஈயமே முதன்மைப் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. காப்பி பயிரிட்ட துரைமார்கள் பலர் ரப்பருக்கு மாறினர். காட்டை அழிக்கவும் பால்மரம் வெட்டவும் ஆட்கள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு இத்தகைய குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதற்குள் பல தோட்டங்களில் ஒரு தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. நகரங்களில் நாம் நின்று படமெடுக்கும் பழைய அலுவலகங்களும் கடைவீதிகளும் ஈயத்தோடு இந்த ரப்பர் வருமானத்தாலும் செழித்தவை.

‘தோட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கத் தெரிந்தால் நிறையவே இருக்கிறது. துரையின் பங்களா எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது மேட்டில் இருக்கும். அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, நாற்புறமும் காற்று. தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் கீழே, வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். சுற்றுலா விளம்பரங்கள் புகழும் ‘இதமான தட்பவெப்பம்’ ஒரே தோட்டத்துக்குள் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

அதிகாலைக் குளிர்ச்சியும் அப்படித்தான். வருகையாளருக்கு அது இன்பம். பால்மரம் வெட்டியவருக்கோ அதுவே வேலை நேரம். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறையும். அதனால்தான் விடியுமுன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் உளியும் வாளியுமாக நிரைக்கு ஓடினார்கள். மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. மழைக்கால மாதங்களில் கையில் கிடைக்கும் கூலி எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இக்கருத்துக்கு எதிர்ப்பும் இருக்கிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தில் வளர்ந்த பெற்றோர் சிலர், ‘நாங்கள் பட்ட துன்பத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்சிப் பொருளாக்க வேண்டாம்’ என்கின்றனர். லயத்தை விட்டு வெளியேறுவதற்காகவே வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர்கள் அவர்கள். ஆயினும், துன்பம் நிறைந்தது என்பதற்காக ஓர் இடத்தை விட்டுவிட்டால் வரலாற்றில் அரண்மனைகளும் கோட்டைகளும் மட்டுமே எஞ்சும். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். அவர்கள் புறப்பட்டுச் சென்ற லயத்து வாசலைவிட அதைப் பற்றிப் பேசப் பொருத்தமான இடம் எது?

இதில் தாமதத்துக்கு இடமில்லை. ரப்பர் மரங்கள் நின்ற பெரும்பரப்பில் இப்போது செம்பனை நிற்கிறது. சிரம்பானைச் சுற்றி எழுந்துள்ள புதிய நகர்கள் பல பழைய தோட்ட நிலத்தில் உருவானவை. கோட்டையின் கற்சுவர் நூறாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் ஓரளவு நிற்கும். பலகையும் தகரமும் கொண்டு கட்டிய லயம் அப்படி நிற்காது. புகைக்கூடத்தின் கரி படிந்த சுவர், பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, மாரியம்மன் கோயிலின் முதல் கல் ஆகியவற்றை விசாரித்துப் பதிவு செய்ய இன்னும் சில முதியவர்களே இருக்கின்றனர். ‘மங்கு’, ‘காண்டா’, ‘தண்டல்’, ‘கிராணி’ என்னும் தோட்டத்துச் சொற்களையும் அவர்களிடமிருந்துதான் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தோட்டம் கோட்டையைப் போன்ற வெறும் இடிபாடு அன்று. அங்கே இன்றும் மக்கள் வாழ்கின்றனர். செம்பனைக் குலை வெட்டுவோருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஊரை விட்டு வந்த காரணத்தை அவர்களிடம் கேட்டால், நூறாண்டுக்கு முன் கங்காணியோடு கப்பலேறியவர்கள் சொல்லியிருக்கக்கூடிய பதிலே கிடைக்கலாம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. நேரம் போதாது என்று கூறும் ஆசிரியர்கள், கடற்கரைக்கு ஒதுக்கியதில் ஒன்றரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.