பழைய பாட்டுப் பெட்டி

உங்கள் வீட்டுப் பரண் மேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறதா, சகோதரி? இருந்தால் ஒரு நாள் ஏணி போட்டு இறக்கிப் பாருங்கள். பித்தளைக் குமிழோ, அறுந்த ஜெபமாலையோ, மாமனாரின் மூக்குக் கண்ணாடியோ இருக்கும். எங்கள் வீட்டு டப்பாவில் பதினொரு காஸெட்டுகள் இருந்தன. அத்தனையும் அம்மா வாங்கியவை. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. டப்பாவைத் திறக்கும் தைரியம் எனக்கும் வரவில்லை, தங்கைக்கும் வரவில்லை. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்ததாகத் திருப்பூரிலிருந்து செய்தி வந்ததும்தான் பரண் ஏறினேன்.

மேலே இருந்தது 'அஞ்சலி'. 1990ஆம் வருஷத்துப் படம். மணிரத்னம் எடுத்தது, இளையராஜாவுக்கு ஐந்நூறாவது படம் என்று அப்போது பிரமாதமாகப் பேசிக் கொண்டார்கள். குழந்தைகளே கூடிக் கும்மாளமாகப் பாடும் பாட்டுக்கள். அந்தக் கோஷ்டியில் இளையராஜாவின் சொந்தக் குழந்தைகளும் உண்டு. அவர்களில் பவதாரிணி 2024 ஜனவரியில் காலமாகிவிட்டார். அன்றைக்குச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அவர் பரிசு வாங்கிய பாட்டு அல்ல, இந்தக் காஸெட்டுதான்.

அதற்குக் கீழே அம்மாவின் சொந்த ரசனை. பி. சுசீலாவின் தாலாட்டுக்களாகப் பொறுக்கி, கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய ஒரு காஸெட். அட்டையில் பென்சிலால், அம்மாவின் குண்டு குண்டான எழுத்தில் பட்டியல்: 'பாசமலர்' 1961, 'கற்பகம்' 1963, 'சித்தி' 1966. பாட்டின் பெயரை எழுத மாட்டாள். படத்தின் பெயரும் வருஷமும் மட்டும். 'கற்பகம்' படத்தின் தாலாட்டை எழுதிய அதே வாலிதான் இருபத்தேழு வருஷம் கழித்து 'அஞ்சலி'யின் குட்டிகளுக்கும் எழுதினார். அம்மாவைத் தூங்க வைத்தவரும் எங்களை ஆட்டம் போட வைத்தவரும் ஒருவரே என்பது எனக்கு இந்த டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது.

"இதற்காகவா பரண் ஏறினாய்? செல்போனில் தட்டினால் அத்தனை பாட்டும் வந்து விடுமே!" என்பீர்கள். வரும்தான். ஆனால் 'சித்தி' பாட்டு முடிந்ததும் ஒரு 'கர்ர்ர்', பிறகு யாரோ கதவைச் சாத்தும் சத்தம் என்று எங்கள் காஸெட்டில் இருக்கிறது பாருங்கள், அது செல்போனில் வராது. அந்தக் கதவுச் சத்தம் வந்தால் நாங்கள் இருவரும் தூங்கிப் போயிருப்போம் என்று அம்மாவுக்குக் கணக்கு.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. எங்கள் தெருக் கோடியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து, பென்சிலைச் சக்கரத்தில் மாட்டி நாடாவை இழுத்துச் சுற்றி, ஒரு பழைய டேப் ரிக்கார்டரையும் கொடுத்தார். "ரொம்ப நேரம் ஓட்டாதீங்கம்மா, பெல்ட் தளர்ந்து போச்சு" என்று எச்சரித்துத்தான் கொடுத்தார். எடுத்துக் கொண்டு ரயில் ஏறினேன்.

திருப்பூரில் தங்கை வாழும் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். மாடியில் குடித்தனம், கீழே நான்கு நிட்டிங் மெஷின்கள். ஜாப் ஒர்க். நூல் கோன்களை அடுக்கி விட்டால் பனியன் துணி குழாய் குழாயாக இறங்கிக் கொண்டே இருக்கும். ஆர்டர் நெருக்கடி என்றால் ராத்திரி ஷிப்டும் உண்டு. படியில் கால் வைத்தால் படியே லேசாக அதிரும். முதல் நாள் இரவு எனக்குக் கண்ணே மூடவில்லை. குழந்தையோ கல்லுப் போலத் தூங்கினாள். பத்து வாரக் குழந்தை. கட்டிங் வேஸ்ட்டில் பொறுக்கிய மெத்தென்ற வெள்ளைத் துணியில் சுற்றி, தங்கையின் பழைய சேலையில் கட்டிய தொட்டிலில் ராஜாத்தி மாதிரி படுத்திருந்தாள்.

மறுநாள் டேப் ரிக்கார்டரை வெளியே எடுத்தேன். தங்கையின் மாமியார், நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவது, வேடிக்கை பார்த்தார்.

"அதென்ன அம்மிணி பொட்டி?"

"பாட்டுங்க அத்தை. அம்மா எங்களுக்குப் போட்ட தாலாட்டு. பாப்பாவும் கேட்கட்டும்னு கொண்டு வந்தேன்."

"எம் பேத்திக்குத் தாலாட்டு எதுக்குக் கண்ணு? வவுத்துல இருக்கறப்பவே மெஷின் சத்தம் கேட்டு வளந்தவ. இடி உளுந்தாலும் முழிக்க மாட்டா!" அத்தைக்கு ஒரே பெருமை.

குழந்தை அப்போது அத்தையின் மடியில், வலது கன்னத்தை அவர் வயிற்றோடு ஒட்டிக் கொண்டு தூங்கிக் கொண்டிருந்தாள். நான் 'பாசமலர்' பாட்டைப் போட்டேன். சௌந்தரராஜனும் சுசீலாவும் இரண்டடி பாடியிருப்பார்கள். தங்கையின் கண் கலங்கி விட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டேன். திடீரென்று நாடா உள்ளே சிக்கிக் கொண்டு, ஆணியால் தகரத்தைக் கீறியது போல 'க்றீச்' என்று ஓர் ஓலம்! நான் துள்ளி விட்டேன். அத்தை "அடக் கெரகமே!" என்றார். தங்கை கையிலிருந்த டம்ளரை நழுவ விட்டாள்.

குழந்தை அசையவில்லை. புருவம் கூட நெரியவில்லை.

"பாத்தியா? நாஞ் சொல்லல?" என்றார் அத்தை.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் காது சோதனை செய்தார்களா என்று தங்கையைக் கேட்டேன். "அன்னிக்கு மெஷின் ரிப்பேர், அப்புறம் வாங்கன்னாங்க அக்கா. அப்புறம் நாங்களும் மறந்துட்டோம்" என்றாள். கேட்பானேன்? அத்தைக்கு வந்ததே கோபம்! "நல்லாத் தூங்கற புள்ளைக்குக் குறை சொல்லிட்டு! பாட்டுப் பொட்டி கொண்டாந்தியா, பீதி கொண்டாந்தியா?"

அத்தை சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஜப்பானில் ஒசாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த குழந்தைகளை 1970ஆம் வருஷத்தை ஒட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்திலிருந்தே அங்கே குடியிருந்த தாய்மாரின் குழந்தைகள் விமான இரைச்சலுக்கு அவ்வளவாக விழிக்கவில்லையாம். பின்னால் குடி வந்தவர்களின் குழந்தைகள்தான் அலறின. வயிற்றுக்குள்ளேயே காது வேலை செய்யத் தொடங்கி விடுகிறது. ஆறாவது ஏழாவது மாதத்தில் சத்தம் எட்டுகிறது. 1986இல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளைக் கடைசி ஆறு வாரம் ஒரே கதையைத் தினமும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த குழந்தைகள், சப்பும் வேகத்தை மாற்றி மாற்றி, அந்தக் கதையையே கேட்க விரும்பியதாகக் கண்டார்கள். அபிமன்யு கதையைப் பாட்டி சொன்னால் சிரிக்கிறோம்!

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். குழந்தைக்கு மேல்நாட்டு சங்கீதம் போட்டால் மூளை வளரும் என்று விற்கிறார்களே, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். 1993இல் வெளிவந்த அந்தச் சோதனை குழந்தைகளை வைத்துச் செய்ததே அல்ல. காலேஜில் படிக்கும் முப்பத்தாறு பேருக்கு மொஸார்ட் கேட்கச் செய்தார்கள். கிடைத்த லாபமும் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. அதை நம்பி ஜார்ஜியா மாகாண கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1998இல் ஒரு லட்சத்து ஐயாயிரம் டாலர் கேட்டார் என்றால் பாருங்களேன்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழக்கத்தால் விழிக்காத குழந்தையும் உண்டு. கேட்காததால் விழிக்காத குழந்தையும் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தூங்கும். ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகள் காது குறைவுடன் பிறக்கின்றன என்கிறார்கள் டாக்டர்கள். "ங்கா ங்கா என்று பேசுகிறதே!" என்று ஏமாந்து விடாதீர்கள். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் கொஞ்சும். பிறகுதான் மெல்ல அடங்கும். அதற்குள் நல்ல காலம் கழிந்து விடும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா என்று நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

அத்தையைச் சமாதானப்படுத்தியது நான் அல்ல, மாப்பிள்ளை. "மெஷினுக்கே மாசம் ஒரு தடவை செக்கிங் பாக்கறோம், புள்ளைக்குப் பாத்தா என்னம்மா?" என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது முதல் ஆளாக வண்டியில் ஏறிக் கொண்டார்.

சோதனை ஒன்றும் பயங்கரம் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு தக்கை போல ஒன்றை வைக்கிறார்கள். அது 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசை எழுப்ப, நல்ல காதாக இருந்தால் உட்காது ஒரு சன்னமான எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது. தக்கைக்குள் இருக்கும் மைக் அதைப் பிடித்துக் கொள்கிறது. சில நிமிஷத்தில் முடிந்து விட்டது. வலது காது சரி. இடது காதிலிருந்து எதிரொலி இல்லை.

"அழுக்கோ நீரோ அடைத்திருந்தாலும் இப்படி வரலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரம் நான் சென்னையில் இருந்தேன். தங்கை தினமும் ராத்திரி போன் செய்தாள். என்னவெல்லாமோ பேசுவோம், காதைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தது. பிறகு கோயமுத்தூருக்குப் போய், தலையில் சிறு வில்லைகள் ஒட்டி, ஓசை நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை. பேரா என்கிறார்கள். இடது காது வெகு மந்தம். வலது காது பூரண ஆரோக்கியம் என்று முடிவாயிற்று.

அன்றைக்கு மடியில் நடந்தது என்ன என்று டாக்டர் கேட்டாராம். வலது கன்னம் அத்தையின் வயிற்றில் புதைந்திருந்ததைத் தங்கை சொன்னாள். "கேட்கும் காதை மூடிக் கொண்டு படுத்தால் எதற்கு விழிக்கும்? நீங்களும் விழிக்க மாட்டீர்களே" என்றாராம்.

ஒரு காது நன்றாக இருந்தால் குழந்தைக்குப் பேச்சு வரும். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டு பிடிப்பது கஷ்டம். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பது அதை விடக் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு நல்ல காது தெரியும் பக்கம் உட்கார வைக்க வேண்டும். ரோட்டில் கையை விடக் கூடாது. சளி பிடித்தால் வலது காதுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். மாதா மாதம் பேச்சு வளர்ச்சியைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காதும் போன குழந்தைகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஆறு வயதுக்குள் கொண்டு போனால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதுக் கருவி பொருத்தும் ஆபரேஷனையே செய்து கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது தவித்துக் கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் பாட்டுப் போடுவதானாலும் கொஞ்சம் சன்னமாகவே போடுங்கள். பச்சைக் குழந்தைகளின் ஆஸ்பத்திரி அறையில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். அது நாம் தாழ்ந்த குரலில் பேசும் அளவுதான். ஸ்பீக்கரைத் தொட்டிலுக்குள்ளேயே வைப்பவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். தொட்டில் இடம் மாறியிருந்தது; மெஷின் கூடத்துக்கு மேலே இருந்த முன் அறையிலிருந்து, பின்னால் கிணற்றடிப் பக்கம் உள்ள அறைக்கு. அத்தையின் ஏற்பாடு. ராத்திரி ஷிப்ட் இல்லாத நேரமாகப் பார்த்து அவரே பேத்தியை மடியில் எடுத்து, இடது கன்னம் தம் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுக் கொண்டு, "இப்பப் போடு அம்மிணி உங்கம்மா பாட்ட" என்றார். சிக்கிய நாடாவைத் தங்கை வெட்டி ஒட்டியிருந்தாள். 'பாசமலர்' பாட்டில் ஒரு வரி போய் விட்டது. குழந்தை கையை உதறிக் கொண்டே இருந்தவள், சுசீலா ஆரம்பித்ததும் கையை அப்படியே நிறுத்திக் கொண்டு கூரையைப் பார்த்தாள். கடைசியில் கதவு சாத்தும் சத்தம் வரும் வரை நாங்கள் மூவரும் பேசவில்லை. குழந்தை மட்டும் தூங்கவில்லை.

நேற்று அத்தையிடமிருந்து போன். குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று பதறிப் போய் எடுத்தேன். "அதெல்லாம் நல்லா இருக்கறா கண்ணு. அந்தப் பொட்டி பெல்ட் அறுந்து போச்சு. இங்க எங்கயும் கெடைக்கலை. மெட்ராஸ்ல கெடைச்சா ரெண்டா வாங்கியா" என்றார்.

நாளைக்கு ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும்.