ஈ எவ்வளவு உண்டது?

‘பழ ஈக்களின் ஆயுளை நீட்டித்தது புதிய மருந்து’ என்பது போன்ற தலைப்புகளை அடிக்கடி வாசிக்கிறோம். மொழியியல் பயின்ற எனக்கு அத்தொடரில் உறுத்துவது அதன் எழுவாய். ‘நீட்டித்தது’ என்றதும், வேறெதற்கும் பங்கில்லை என்பதுபோல் சேர்மமே முழுப் பெருமையையும் பெற்றுவிடுகிறது.

ஆய்வகத்தில் நிகழ்வது வேறு. இத்தகைய சோதனைகளில் செயற்கைச் சேர்மம் பெரும்பாலும் உணவில் கலந்தே வைக்கப்படுகிறது. எவ்வளவு உண்பது என்பதை ஈயே முடிவுசெய்கிறது. ஈக்கள் கசப்பை உணர்பவை. சேர்மம் கசந்தால் குறைவாக உண்ணும். உணவைக் குறைத்தாலே பழ ஈயின் ஆயுள் நீளக்கூடும், முட்டையிடுவது குறையும் என்பதோ பல ஆய்வுகளில் கண்டது. அப்படியானால் ஆயுளை நீட்டித்தது சேர்மமா, அரைவயிறா? உணவில் கலந்த செறிவை மட்டும் குறிப்பிடும் கட்டுரை இக்கேள்விக்கு விடை தராது.

அளப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. உணவில் நீலச் சாயம் கலந்து, உண்ட ஈக்களை அரைத்து, சாயத்தின் அளவைக் காணலாம். நுண்குழாயில் திரவ உணவை வைத்து, அதன் மட்டம் இறங்குவதைக் கணக்கிடும் முறை 2007இலேயே வெளியானது. இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

ஈயை நம்பலாகாது என்பதன்று என் வாதம். மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டிற்கு ஈயிடம் இணைகள் உண்டு. பிறழ்ந்த ‘ரெட்’ மரபணுவால் ஈயின் கண் சீர்குலையும்படி செய்து, பின்னாளில் வான்டெட்டானிப் எனப் பெயர்பெற்ற சேர்மத்தை ஊட்டியபோது அச்சீர்குலைவு தணிந்ததை 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்க்கு அது 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒப்புதலுக்கு அடிப்படை மனிதரிடம் நடந்த சோதனை. சேர்மம் எந்தப் புரதத்தைத் தடுக்கிறது என்பதற்கு உயிருள்ள உடலில் சான்று அளித்தது ஈ. ஈயிடம் கேட்க வேண்டிய கேள்வி அத்தகையது.

எனவே ஆய்வு நெறியாளர்களுக்கும் சக மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. உண்ட அளவைத் தராத ஆயுள் வரைபடத்தை ஆய்வேட்டில் ஏற்காதீர்கள். மனிதரிடம் பயன் நிறுவப்படும்வரை அதைச் ‘சேர்மம்’ என்றே எழுதுங்கள். ‘மருந்து’ என்ற சொல்லைக் காணும் நோயாளியின் குடும்பம் கட்டுப்பாட்டுக் குழுவைத் தேடாது. அது எங்கே கிடைக்கும் என்றே கேட்கும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், விவாதிப்போம்.